ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுப்புவா?

நடுவர் அவர்களே! பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு.வில் குழந்தை இருக்கையில் தாயின் பதற்றத்தைத் தணிப்பது டாக்டரின் விளக்கமா, குடும்பத்தின் துணையா? இதுதான் தலைப்பு. சொந்தக்காரர்கள் வந்தால் பயம்தான் கூடும் என்றார் எதிரணியில் பேசியவர். வாசலில் நின்று "எத்தனை கிலோ? அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களைச் சொன்னால் நானும் கை தட்டுவேன். அது துணையில்லை, விசாரணை. நான் பேசுவது வேலையைப் பங்கு போடுகிற குடும்பத்துக்காக.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோ, மார்த்தாண்டத்துத் தனியார் ஆஸ்பத்திரியோ, டாக்டர் விளக்குவது சில நிமிடம். சிசேரியன் வலியோடு கேட்கிறவளுக்கு அதில் பாதி மனதில் நிற்காது. கூட ஒருவர் நின்று கேட்டு, நோட்டில் எழுதி, சாயங்காலம் திரும்பச் சொல்ல வேண்டும். மானிட்டர் 'பீப்' அடித்தால் அவளுக்கு உயிர் போய் வரும். பல நேரம் பிள்ளை காலை உதறி, பாதத்தில் சுற்றிய சென்சார் நழுவியிருக்கும். சிஸ்டர் முதலில் பார்ப்பது பிள்ளையின் நிறத்தையும் மூச்சையும்தான். இதை மூன்றாம் நாளும் சலிக்காமல் சொல்ல ஆள் வேண்டாமா?

பாலுக்கு வாருங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பீய்ச்ச வேண்டும், ராத்திரியும் விடக் கூடாது. பயமும் வலியும் பாலை இறக்கிவிடும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோனைத் தடுக்கும். மாரில் பால் இருந்தும் இறங்காது. அந்நேரம் பார்த்து "உனக்குப் பாலே இல்லையே" என்று யாராவது வாய் விட்டால் தீர்ந்தது. முதல் நாட்களில் சில மில்லிதான் வரும், அது குறையே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி, கிண்ணத்தைக் கொதிநீரில் போட்டெடுத்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்டுவது டாக்டரா?

எடை குறைந்த பிள்ளைக்குக் கங்காரு பராமரிப்பு, அதாவது பிள்ளையை வெறும் மார்போடு தோல் படச் சேர்த்து வைத்திருப்பது, நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 பரிந்துரை. தையல் போட்ட உடம்போடு ஒருத்தி தனியாக எப்படித் தாங்குவாள்? அப்பா உட்காரலாம், ஆச்சி உட்காரலாம். சளி, இருமல், தோல் நோய் இருக்கக் கூடாது. மோதிரம் வளையல் கழற்றி முழங்கை வரை சோப்பு போட வேண்டும். பிள்ளைக்குத் தொப்பி, காலுறை, டயப்பர் போதும். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை லேசாக நிமிர்ந்திருக்கணும். கழுத்து மடங்கினால் மூச்சுப்பாதை அடைபடும்.

அப்பா தூத்தூர் மீனவராகி, வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தால்? மைனி, அதாவது அண்ணி, உட்காரட்டும். மைனி உட்காரும் ரெண்டு மணி நேரம் தாய் கண்ணயர்வாள். எதிரணியின் எந்த விளக்கம் அவளை அப்படித் தூங்க வைக்கும் என்று நடுவர் அவர்களே கேட்டுச் சொல்லுங்கள்!