நேற்றுக் கற்றவன்

நேயர்களுக்கு வணக்கம். வானொலி என்பது வாத்தியாருக்கு வாய்த்த இடம். எதிரில் இருப்பவர் கொட்டாவி விடுவது தெரியாது. நான் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். பயப்படாதீர்கள், இன்று கணக்கு கொஞ்சம்தான். முதலில் குதிரையில் போன ஒரு பாதிரியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் ஆண்ட்ரூ பெல். ஸ்காட்லாந்துக்காரர். 1787-இல் மதராசுக்கு வந்தார். இரண்டு வருடத்தில் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. வெள்ளைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான விடுதி அது. அங்கே பாடம் நத்தை வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை குதிரைச் சவாரி போகும் வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம் அவர் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, மணலைப் பரப்பி, விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பினார். "கண்டுபிடித்துவிட்டேன், கண்டுபிடித்துவிட்டேன்" என்று ஆர்க்கிமிடீஸ் மாதிரிக் கூவிக்கொண்டே வீட்டுக்கு விரட்டினாராம். கண்டுபிடித்தவர் அவர், எழுதிக்கொண்டிருந்தவை நம் பிள்ளைகள். அந்தத் திண்ணை வாத்தியாருக்குக் குளம்புச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும்.

விடுதிக்குப் போய், "நாளையிலிருந்து மணலில் எழுதப் பழக்குங்கள்" என்றார் பெல். அங்கிருந்த ஆசிரியர்கள், "இதெல்லாம் நடக்காது" என்று சொல்லிவிட்டார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் எந்தக் காலத்திலும் முதலில் சொல்கிற பதில் இதுதான். நானும் அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். பெல் அவர்களோடு மல்லுக்கட்டவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்று எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன். அவனைக் கூப்பிட்டு, "சின்னப் பிள்ளைகளுக்கு நீ சொல்லிக்கொடு" என்றார். நடக்காது என்பது அவனுக்குத் தெரியாது. அதனால் நடந்துவிட்டது. பிறகு மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகப் பையன்கள் கைக்குப் போயின.

எட்டு வயதுப் பையனால் முடிந்தது பெரியவர்களால் ஏன் முடியவில்லை? இதற்கு விடை என் வகுப்பறையிலேயே கிடந்தது. 52-இல் 27-ஐக் கழிக்க வேண்டும். நான் பலகையில் எழுதி, பத்தாமிடம், ஒன்றாமிடம் என்று முறையாக விளக்குவேன். நாற்பது தலைகளும் ஆடும். நோட்டை வாங்கிப் பார்த்தால் பாதிப் பேர் 35 என்று போட்டிருப்பார்கள். அப்போது பக்கத்து பெஞ்சுப் பையன் குனிந்து சொல்வான்: "டேய், கடன் வாங்குனல்ல, அஞ்சை அடிச்சிட்டு மேல நாலுன்னு எழுது. அதைத்தான் எல்லாரும் மறக்குறது. நானும் நேத்து மறந்து அடி வாங்குனேன்." அவ்வளவுதான், இவனுக்கு விளங்கிவிடும். என் விளக்கத்தில் தப்பே இல்லை. ஆனால் எந்த இடத்தில் கால் வழுக்கும் என்பது எனக்கு மறந்துபோய் எத்தனையோ காலமாகிவிட்டது. அவன் நேற்றுத்தான் விழுந்து எழுந்தவன். ஒன்றைக் கற்று முடித்ததும் மனசு செய்கிற முதல் காரியம், கற்பதற்கு முன் நாம் எப்படி இருந்தோம் என்பதைத் துடைத்துவிடுவது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தெரிந்துகொண்டதைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள யாராலும் முடிவதில்லை; முடிகிறவர்கள் நல்ல வாத்தியார் ஆகிறார்கள், அல்லது நல்ல அரசியல்வாதி ஆகிறார்கள்.

திண்ணைப் பள்ளியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடவும் வேண்டாம். 1823-இல் பல்லாரிக் கலெக்டர் கேம்பெல் அந்த வட்டாரப் பள்ளிகளைப் பற்றி ஓர் அறிக்கை அனுப்பினார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தங்கள் படிப்பையும் உறுதிப்படுத்திக்கொள்ளும் முறையை அவர் மனம் திறந்து பாராட்டுகிறார். இங்கிலாந்து இதைப் பார்த்துச் செய்ததும் தகும் என்கிறார். கூடவே இன்னொன்றும் எழுதுகிறார்: பிள்ளைகள் பாட்டுப் பாட்டாக ஒப்பிக்கின்றன, அர்த்தம் கேட்டால் கிளிக்குத் தெரிந்த அளவுதான் தெரிகிறது என்று.

காலையில் பிள்ளைகளை வரவேற்கும் முறையும் அதே அறிக்கையில் இருக்கிறது. முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவன் கையில் ஒரு பூஜ்யம். புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஓர் அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. அப்படியே ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். கணக்கு வாத்தியார் சும்மா இருப்பேனா? இருபதாவது பிள்ளைக்குப் பதினெட்டு அடி. கணக்குத் தெரிந்த பையன் வயிற்றுவலி என்று வீட்டிலேயே படுத்திருப்பான். கணக்கு வராதவன்தான் நேரே வந்து வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். வரிசையில் முதலில் நின்றால் சாமி, கடைசியில் நின்றால் சாத்து என்பதை மனுஷப்பிறவி எழுத்துக்கும் முன்பே கற்றுக்கொள்கிறது. இப்போதெல்லாம் அடி இல்லை. ரேங்க் கார்டு இருக்கிறது.

பெல் 1797-இல் லண்டனில் தன் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் போட்டார். அடுத்த வருடம் அதே லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்கிற இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அவருடையதும் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஏற்பாடுதான். ஒரே ஓர் ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். செலவு குறைகிறது என்று கேட்டதும் பெரிய மனிதர்களுக்கெல்லாம் கல்வியின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது. இது எந்த நாட்டுக்கும் பொது. லங்காஸ்டர் குவேக்கர் சபைக்காரர், பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பவர். அதனால் தப்புச் செய்த பையனைக் கூடையில் உட்கார வைத்து, எல்லோரும் பார்க்கக் கூரையிலிருந்து தொங்கவிட்டார். அகிம்சைக்கும் எத்தனை முகம் பாருங்கள்.

பிறகு யார் முதலில் என்று சண்டை. இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்கள் பெல் பக்கம், மற்ற கிறிஸ்தவ சபைக்காரர்கள் லங்காஸ்டர் பக்கம். ஆளுக்கொரு சங்கம், பத்திரிகைகளில் ஏச்சு, பேச்சு. தெருவோரத் திண்ணையில் நம் சட்டாம்பிள்ளைகள் காலங்காலமாகச் செய்துவந்த வேலைக்கு அங்கே இரண்டு பேர் பட்டா கேட்டு அடித்துக்கொண்டார்கள். பெல்லுக்கு லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்கிற பெரிய தேவாலயத்தில் கல்லறை கிடைத்தது. அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இன்றும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் நடக்கிறது. நாம் சென்னை என்று மாற்றிக்கொண்டோம், அவர்கள் மாற்றவில்லை.

பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கிற இந்த ஏற்பாடு அங்கேயும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1846 முதல், வயதில் கொஞ்சம் மூத்த மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, ஊதியம் தந்து, பயிற்சியும் தந்து ஆசிரியராக்கும் வழிக்குப் போய்விட்டார்கள். நேற்றுக் கற்றவன் நேற்றுக் கற்றதை மட்டும்தான் நன்றாகச் சொல்வான். "ஏன் கடன் வாங்க வேண்டும்?" என்று ஒரு வாண்டு கேட்டுவிட்டால் சட்டாம்பிள்ளை பிரம்பைத்தான் தேடுவான். அந்தக் கேள்வியைத் தாங்க முதிர்ந்த ஆள் வேண்டும். என் தொழிலுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்லத்தான் இத்தனையும் என்று நீங்கள் நினைத்தால் அதிலும் பாதி உண்மை.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். அம்மாவுக்கு போனில் பணம் அனுப்பப் பழக ஆசை. மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அம்மா கேட்டதும் என்ன செய்கிறான்? "கொடும்மா இப்படி" என்று போனைப் பிடுங்கி, நாலு தட்டுத் தட்டி, "முடிஞ்சுது, பார்த்தியா" என்று திருப்பிக் கொடுக்கிறான். அம்மா பார்த்தது அவன் கட்டைவிரலை மட்டும்தான். மறுநாளும் கேட்டால், "எத்தனை தடவை சொல்றது?" என்கிறான். சொல்லவே இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

எதிர்வீட்டு அக்கா போன வாரம்தான் கற்றுக்கொண்டவர். அவரிடம் அனுப்பிப் பாருங்கள். போனை அம்மா கையிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்: "இங்க ஸ்கேன் பண்ணுங்க. பேர் வருதா? கடைக்காரர் பேர்தானான்னு பாருங்க. இப்ப தொகை. ஒரு சைபர் கூடப் போட்டுடாதீங்க, நான் காய்காரருக்கு நானூறுக்குப் பதிலா நாலாயிரம் அனுப்பிட்டு அவர் பின்னாடியே ஓடினேன்."

இனி அம்மா சைபரை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அக்காவும் எண்ணுவார்.

நன்றி, வணக்கம்.