அண்ணனுக்குக் கால் சரியாகிவிடுமா?

எல்லோருக்கும் வணக்கம். சிறுவர்கள் நாவலை எப்படி வாசிக்கிறார்கள் என்று பேசச் சொன்னீர்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு நாவலை எடுத்துக்கொள்கிறேன்.

சுவீடனின் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் எழுதிய 'லயன்ஹார்ட் சகோதரர்கள்', 1973இல் வந்தது. பத்து வயதுகூட நிரம்பாத கார்ல் நோயில் கிடக்கிறான், பிழைக்க மாட்டான். செத்த பிறகு நங்கியாலா என்றொரு நாட்டுக்குப் போகலாம் என்று பதின்மூன்று வயது அண்ணன் யோனாதன் தேற்றுகிறான். வீடு தீப்பிடிக்கும்போது தம்பியை முதுகில் சுமந்து மாடியிலிருந்து குதித்து, அண்ணன்தான் முதலில் சாகிறான். பிறகு தம்பியும் வந்து சேருகிறான். நங்கியாலாவில் கொடுங்கோலன் டெங்கிலோடு போர். கடைசியில் கட்லா என்ற பெண் டிராகனின் நெருப்பு பட்டு யோனாதனின் உடல் செயலிழக்கிறது. இப்போது கார்ல் அண்ணனை முதுகில் ஏற்றிக்கொண்டு, நங்கிலிமா என்ற அடுத்த நாட்டுக்குப் போக இருட்டில் குதிக்கிறான். அங்கே கதை முடிகிறது.

அன்றைக்கே பெரியவர்கள் சிலர் கொதித்தார்கள். குழந்தைகளுக்குச் சாவைக் காட்டுவதா, குதிப்பதைத் தீர்வாகச் சொல்வதா என்று கேட்டார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் இருந்தது. ஒரு சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில் இந்தக் கதையைச் சொல்லப் போனேன். முடிவை மாற்றிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். மாற்றவில்லை. சொல்லி முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு சிறுமி கேட்டாள்: "அங்க போனா அண்ணனுக்குக் கால் சரியாயிடுமா?"

பெரியவர்கள் கண்ணுக்கு இரண்டு பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். அவள் கண்ணுக்கு, முன்பு சுமக்கப்பட்ட தம்பி இப்போது அண்ணனைச் சுமக்கிறான், இருவரும் பிரியவில்லை. நான் அத்தனை முறை வாசித்தும் அந்த இரண்டு முதுகுகளையும் சேர்த்துப் பார்த்ததில்லை. அவள் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.

சுவீடன் பிள்ளைகளும் இதையேதான் கேட்டிருக்கிறார்கள். லிண்ட்கிரனுக்கு வாசகர்கள் எழுதிய சுமார் 75,000 கடிதங்கள் ஸ்டாக்ஹோமில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய அந்த ஆவணத் தொகுப்பை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இந்த நாவல் வந்ததும் பிள்ளைகள், 'அதற்கப்புறம் என்ன ஆச்சு?' என்று எழுதிக் குவித்தார்கள்.

லிண்ட்கிரன் அவர்களுக்கு மரணத்தைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். இருவரும் நங்கிலிமா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், அங்கே ஒரு பள்ளத்தாக்கில் நன்றாக இருக்கிறார்கள், டெங்கில் அந்தப் பக்கமே வரவில்லை என்று எழுதினார். கார்லுக்கு இப்போது சொந்தமாக ஒரு நாய் இருக்கிறது என்பதையும் மறக்காமல் சேர்த்தார்.

அடுத்த சனிக்கிழமை இந்தக் கடிதத்தைத்தான் அந்தச் சிறுமிக்குச் சொன்னேன். நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

நன்றி, வணக்கம்.