பாப் ராணி யார்? படிக்கல்லைச் சரிபார்த்துவிட்டு எடை போடுவோம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

‘பாப் ராணி யார்’ என்ற இந்த வாதம் எங்கே தொடங்கினாலும், இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் எண்ணைத் தூக்கி நடுவில் வைத்துவிடுவார். அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வாராவாரம் வெளியிடும் ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் மரியா கேரிக்கு 19 முதலிடம், ரியானாவுக்கு 14, மடோனாவுக்கு 12, விட்னி ஹூஸ்டனுக்கு 11. ‘பெரிய எண் யாருக்கோ அவரே ராணி’ என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார். எண்கள் சரிதான். ஆனால் அவற்றை நிறுத்த படிக்கல் பத்தாண்டுக்கு ஒருமுறை மாறியிருக்கிறது. அதைப் பார்க்காமல் எடை போட்டால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

ஹாட் 100 தொடங்கியது 1958 ஆகஸ்டில். 1991 நவம்பர் வரை கடைக்காரர்களும் வானொலி நிலையங்களும் தாங்களாகச் சொன்ன கணக்குதான் அதற்கு அடிப்படை. பிறகுதான் பார்கோடு வழியே உண்மையான விற்பனையையும், வானொலியில் எத்தனை முறை பாட்டு ஒலித்தது என்பதையும் எண்ணத் தொடங்கினார்கள். இதைவிட முக்கியமான இன்னொரு விதி இருந்தது. 1998 டிசம்பர் வரை, ஒரு பாட்டு சிங்கிளாகத் தனியே கடைக்கு வந்தால்தான் பட்டியலில் இடம். ஆல்பத்தில் மட்டும் இருக்கும் பாட்டை நாடே முணுமுணுத்தாலும் அது கணக்கில் இல்லை. நோ டவுட் குழுவில் க்வென் ஸ்டெஃபானி பாடிய ‘டோன்ட் ஸ்பீக்’ வானொலிப் பட்டியலில் 16 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஹாட் 100-இல் ஒரு வாரம்கூட இல்லை. மடோனாவின் ‘இன்டு த க்ரூவ்’ 1985-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அமெரிக்காவில் அதை வேறொரு பாட்டின் 12 அங்குலத் தட்டில் மறுபக்கத்தில் வைத்து வெளியிட்டதால் ஹாட் 100-க்குத் தகுதியே இல்லாமல் போனது. அவருடைய 12 என்ற எண்ணில் அந்தப் பாட்டு கிடையாது. மரியா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டு வெளிவந்தது 1994-இல். முதலிடத்துக்கு வந்தது 2019-இல். அந்த 25 வருடத்தில் பாட்டு மாறவில்லை. விதி மாறியது, கேட்கும் வழி மாறியது.

இப்போது ஸ்ட்ரீமிங் காலத்துக்கு வருவோம். மடோனா 38 பாட்டுகளை முதல் பத்து இடங்களுக்குள் கொண்டுவர 1984 முதல் 2012 வரை 28 ஆண்டு ஆனது. 2022-இல் ‘மிட்நைட்ஸ்’ ஆல்பம் வெளிவந்தபோது டெய்லர் ஸ்விஃப்ட் ஒரே வாரத்தில் முதல் பத்து இடங்களையும் பிடித்து, 30-லிருந்து 40-க்குத் தாவி, மடோனாவை முந்தினார். 2024-இல் ஒரு வாரம் முதல் 14 இடங்களும் அவருடையவை. ஸ்விஃப்டின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அத்தனை பேர் ஒரே வாரத்தில் உட்கார்ந்து ஆல்பம் முழுவதையும் கேட்பது சாதாரண அன்பல்ல. ஆனால் எண்பதுகளில் ஓர் ஆல்பத்திலிருந்து ஐந்தாறு சிங்கிள்தான் வரும், அதுவும் இரண்டு மூன்று மாத இடைவெளி விட்டு. ஒரே வாரத்தில் பத்து இடம் என்பது அன்று யாருக்கும் வாய்க்கக்கூடிய காரியமே அல்ல.

ஆல்பக் கணக்கிலும் இதே சிக்கல்தான். 2018-இல் பில்போர்டு வகுத்த விதிப்படி, இணைய இசைச் சேவைக்குச் சந்தா கட்டியவர்கள் ஆல்பத்தின் பாட்டுகளை 1,250 முறை கேட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமமாக இருந்தது. மடோனாவின் முதல் ஆல்பத்தில் (1983) 8 பாட்டு. அந்தக் கணக்கில் அதை முழுதாகச் சுமார் 156 முறை கேட்டால்தான் ஒரு விற்பனை. ஸ்விஃப்டின் 2024 ஆல்பத்தின் நீண்ட வடிவத்தில் 31 பாட்டு. முழுதாகச் சுமார் 40 முறை கேட்டாலே ஒரு விற்பனை ஆகிவிடும். ஆகவே ஆல்பங்களை ஒப்பிடும்போது பாட்டு எத்தனை என்று முதலில் பாருங்கள்.

தங்கம், பிளாட்டினம் சான்றிதழ்களைக் காட்டுபவர்களுக்கு ஒரு சொல். அமெரிக்காவில் 5 லட்சம் விற்றால் தங்கம், 10 லட்சம் விற்றால் பிளாட்டினம், 1 கோடி விற்றால் வைரம். சான்றிதழ் தானாக வருவதில்லை. இசை நிறுவனம் விண்ணப்பித்து, தணிக்கைக்குப் பணம் கட்டினால்தான் வரும். பழைய பாடகிகளின் எண்கள் பல ஆண்டு அப்படியே உறைந்து நிற்பதற்கு இது ஒரு காரணம். ‘உலகம் முழுக்க 30 கோடி விற்றது’ போன்ற எண்கள் பெரும்பாலும் நிறுவனம் சொல்வது. சான்றிதழ் பெற்ற எண் அதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும்.

மேடைச் சுற்றுப்பயண வசூலை எடுத்தால், ஆள் கணக்கையும் பணக் கணக்கையும் பிரித்துவிட வேண்டும். மடோனாவின் 2008–09 பயணம்: 85 நிகழ்ச்சி, சுமார் 35 லட்சம் பேர், சுமார் 40.8 கோடி டாலர். ஸ்விஃப்டின் ‘ஈராஸ்’ பயணம், 2023 மார்ச் முதல் 2024 டிசம்பர் வரை: 149 நிகழ்ச்சி, சுமார் 1.02 கோடி பேர், சுமார் 208 கோடி டாலர். ஐந்து மடங்கு என்று துள்ள வேண்டாம், வகுத்துப் பாருங்கள். ஓர் இரவுக்கு மடோனாவுக்கு 41,000 பேர், ஸ்விஃப்டுக்கு 68,000 பேர். தலைக்கு மடோனாவுக்கு சுமார் 116 டாலர். இடைப்பட்ட விலைவாசி உயர்வுக்கு 1.4-ஆல் பெருக்கினால் 160-ஐத் தாண்டும். ஸ்விஃப்டுக்கு 200 டாலருக்குச் சற்று மேல். ஐந்து மடங்கு என்பது ஓர் இரவுக்கு ஒன்றரை மடங்குச் சனமாகவும், மிச்சம் நிகழ்ச்சி எண்ணிக்கையாகவும் டிக்கெட் விலையாகவும் பிரிந்துவிடுகிறது. இப்படிப் பிரித்த பிறகும் ஸ்விஃப்ட் முன்னால்தான் நிற்கிறார். அது நியாயமான முன்னிலை.

குரலை மட்டும் வைத்துக் கேட்டால் என் பதில் விட்னி. 1992-இல் அவர் பாடிய ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’வை மறுபடி கேளுங்கள். அது டாலி பார்ட்டன் எழுதி 1974-இல் வெளியிட்ட பாட்டு. விட்னி பாடும்போது முதல் நாற்பது நொடிக்கு வாத்தியமே கிடையாது. சுருதிக்குத் துணை இல்லாமல் தனிக்குரல். கடைசியில் ஒரு கண அமைதி, ஒரு டிரம் அடி, அதோடு சுருதி ஏ மேஜரிலிருந்து பி மேஜருக்கு ஏறுகிறது. நம் கணக்கில் ஷட்ஜம் இருந்த இடத்திலிருந்து சதுஸ்ருதி ரிஷபத்துக்கு ஆதார சுருதியையே தூக்கி வைப்பது. அந்த ஏற்றத்தில் குரல் மெலிவதில்லை, அகலம் கூடுகிறது. பாட்டுப் போட்டிகளில் இதைப் பாட முயல்பவர்கள் வழுக்கும் இடமும் அதுதான்: ஆரம்பத்திலேயே அழுத்திப் பாடி மூச்சைச் செலவழித்துவிட்டு, ஏறும்போது கத்துவார்கள்.

ஆனால் ‘பாப் ராணி’ என்பது குரலுக்குத் தரும் பட்டம் அல்ல. அந்தப் பெயரிலேயே ஒரு வேலி இருப்பதையும் சொல்ல வேண்டும். அரேதா ஃபிராங்க்ளினுக்கு ‘சோல்’ ராணி, டோனா சம்மருக்கு ‘டிஸ்கோ’ ராணி. கருப்பினப் பெண்களுக்குப் பக்கத்து அறைகளில் சிம்மாசனம் போட்டுவிட்டு, நடுக்கூடத்தை வெள்ளையருக்கு வைத்திருந்தார்கள். கூடத்துக்குள் வந்த விட்னிக்கு மறுபக்கத்திலிருந்தும் அடி விழுந்தது. கருப்பின இசைக்கான 1989 சோல் டிரெயின் விருது விழாவில் அவர் பெயரைச் சொன்னபோது கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். ஜேனட் ஜாக்சனுக்கு நடந்ததுதான் எனக்குப் பெரிய ஆற்றாமை. 1989-இல் வந்த அவருடைய ‘ரிதம் நேஷன் 1814’ ஒரே ஆல்பத்திலிருந்து ஏழு பாட்டு முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. அவற்றில் நான்கு முதலிடம், 1989, 1990, 1991 என்று மூன்று ஆண்டுகளில் பரவி. அதுவும் சிங்கிள் ஒவ்வொன்றாகக் கடையில் விற்ற காலத்தில். இந்தப் பேச்சு வரும்போது அவர் பெயர் நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருவது அநியாயம்.

இத்தனையும் தராசில் வைத்த பிறகு என் தீர்ப்பு மடோனாவுக்கே. காரணம், பாப் பாடகி என்பவள் என்ன வேலை செய்கிறவள் என்ற வரையறையை மாற்றியவர் அவர். குரல் எல்லை சிறியது. அதை அவர் மறைக்கவில்லை, அதற்கேற்ற ஒலியைத் தேடிப்போனார். தயாரிப்பாளர்களாக 1984-இல் நைல் ராட்ஜர்ஸ், பிறகு பேட்ரிக் லெனார்ட், 1998-இல் வில்லியம் ஆர்பிட், 2000-இல் மிர்வைஸ், 2005-இல் ஸ்டூவர்ட் பிரைஸ். கிளப்புகளில் சிலருக்கு மட்டும் தெரிந்த ஒலியைக் கண்டுபிடித்து, சரியான தயாரிப்பாளரைப் பிடித்து, ஓர் ஆல்பம் முழுக்க அதில் நின்று, அது அலுப்பதற்குள் அடுத்ததற்கு நகர்ந்துவிடுவது: இன்று எல்லாப் பாடகிகளும் பின்பற்றும் முறை இது. 1996-இல் வந்த ‘எவிட்டா’ படத்துக்காக முறையாகக் குரல் பயிற்சி எடுத்தார். அதன் பலனை இரண்டு வருடம் கழித்து ‘ரே ஆஃப் லைட்’ ஆல்பத்தில் கேட்கலாம்.

1990-இல் அவருடைய ‘பிளாண்ட் ஆம்பிஷன்’ பயணம் கச்சேரியை நாடகம்போல அங்கம் அங்கமாகப் பிரித்தது. ஒவ்வொன்றுக்கும் தனி அரங்கமைப்பு, தனி உடை. ஈராஸ் பயணம் ஆல்பம் ஆல்பமாகப் பிரிந்ததும் அதே கிளையில் பூத்ததுதான். கைகளை விடுவித்து ஆட வைக்கும் தலை மைக்கை 1979-இலேயே கேட் புஷ் மேடையில் பயன்படுத்திவிட்டார். ஆனாலும் அதற்கு ‘மடோனா மைக்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவருடைய 38-வது முதல்-பத்துப் பாட்டில், 2012-இல், நிக்கி மினாஜோடு கூடப் பாடிய இன்னொரு குரல் மாயா அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறிந்த ஈழத்தமிழ்ப் பெண். பட்டியலின் அந்த மூலையில் நம் குரலும் இருக்கிறது.

மடோனாவின் கணக்கில் கடனும் உண்டு. 1990-இல் வந்த அவருடைய ‘வோக்’ பாட்டின் ஆட்டம் நியூயார்க் ஹார்லெமின் கருப்பின, லத்தீன் ‘பால்ரூம்’ நடனப் போட்டிக் கூடங்களில் பிறந்தது. அங்கிருந்து வந்த ஹோசே குட்டியரெஸ், லூயிஸ் கமாச்சோ இருவரும் அதற்கு நடனம் அமைப்பதில் பங்கெடுத்தார்கள். ஆனால் பாட்டின் நடுவில் அவர் வரிசையாகச் சொல்லும் 16 பிரபலங்களும் வெள்ளையர்கள்.

2022 ஆகஸ்டில் பியான்சே தன் ‘பிரேக் மை சோல்’ பாட்டை அதே ‘வோக்’கின் மேல் வைத்துத் தைத்து, ‘குவீன்ஸ் ரீமிக்ஸ்’ என்று வெளியிட்டார். மடோனா சம்மதித்துச் சேர்ந்த பாட்டு அது. அந்த 16 பேரின் இடத்தில் பியான்சே சொல்லும் பெயர்கள் ரோசெட்டா தார்ப், பெஸ்ஸி ஸ்மித், நீனா சிமோன் என்று நீள்கின்றன. வீட்டுக்குப் போனதும் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்தப் பெயர் வரிசையை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.