ஜூன்ல எல்கேஜி வகுப்புக்குச் சாமான் வாங்குறப்போ

எல்லா மிஸ்ஸுக்கும் வணக்கம்ங்க. ஸ்கூல் தொறக்கப் போகுது, சாமான் லிஸ்ட் கேட்டிருப்பாங்க. அந்தப் பணம் அநேகமா முதல்ல சுவத்துக்குத்தான் போகும்: சார்ட்டு, ஜிகினா, தெர்மாகோல் எழுத்து. ரெண்டே வாரம், பிள்ளைங்க அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. அதனால இன்னைக்குப் பிள்ளைங்க கையில பிடிக்கிற சாமானை மட்டும் பாப்போம்.

முதல்ல கணக்கு. வகுப்புல 20 பிள்ளைன்னா எல்லாத்துலயும் 20 வாங்கிடாதீங்க. 5 பேரா 4 குரூப்பாப் பிரிங்க. ஒரு குரூப் வெட்டும், ஒண்ணு மாவு பிசையும், ஒண்ணு மணல்ல எழுதும், ஒண்ணு கட்டை அடுக்கும். அப்போ கத்தரிக்கோல் 6 போதும். மிச்சமாகுற காசுல நல்லதா வாங்கலாம். தீந்துபோற சாமான், அதாவது பேப்பர், பசை, கிரயான், இதை மட்டும் 20 பேருக்குக் கணக்குப் போடுங்க.

கத்தரிக்கோல்லதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பாருங்க, இது முழுக்க பிளாஸ்டிக். ஆபத்து இல்லைன்னு வாங்கிடுவோம். ஆனா பேப்பரை வெச்சு அழுத்தினா... பாத்தீங்களா, வெட்டாம மடிச்சு வாயில கவ்விக்குது. பிள்ளை 'எனக்கு வரல மிஸ்'னு கீழ வெச்சிடும். தப்பு பிள்ளை மேல இல்ல. ஸ்டீல் பிளேடு, நுனி மொண்ணையா உருண்டை, மொத்த நீளம் 5 இஞ்சு. அதை வாங்குங்க. கடைக்குப் போறப்போ நோட்டுப் பேப்பர் ஒண்ணை எடுத்துட்டுப் போய் நுனியால வெட்டிப் பாருங்க. அடிப்பக்கம் வெட்டி நுனி வெட்டலைன்னா வேண்டாம்.

அந்த ஆறு போக இடதுகைக் கத்தரிக்கோல் 2 வேணும். பத்துல ஒரு பிள்ளைக்கு இடதுகைப் பழக்கம் இருக்கும். வலதுகைக் கத்தரியை அவங்க பிடிச்சா ரெண்டு பிளேடும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகும், மேல் பிளேடு கோட்டையும் மறைச்சிடும். அதுக்காகக் கையை மாத்தச் சொல்லிடாதீங்க.

முதல் வாரம் வெட்டக் குடுக்க வேண்டியது கல்யாணப் பத்திரிகை! ஏ4 தாள் துவண்டுடும், பத்திரிகை அட்டை விறைப்பா நிக்கும். 2 செ.மீ. அகலத்துல நீளப் பட்டையா நீங்களே வெட்டி வெச்சிடுங்க. ஒரே கடி, ஒரு துண்டு விழும். அந்தச் சத்தம் கேட்டாலே பிள்ளைக்குக் குஷி. கட்டைவிரல் மேல பாத்து இருக்கணும். விரல் நகத்துல பேனாவால ஒரு சிரிச்ச முகம் போட்டு, 'அது உன்னைப் பாக்குதா?'ன்னு கேளுங்க, கை தானா நேராகும்.

அடுத்து கிரயான். தடிமனா, முக்கோண வடிவத்துல வாங்குங்க. ஒடைஞ்சா தூக்கிப் போடாதீங்க. 3 செ.மீ. துண்டை முழுக் கையால பிடிக்க முடியாது, மூணு விரல்தான் வரும். பென்சில் பிடிக்கிற பழக்கம் அங்கதான் ஆரம்பிக்குது. ஆனா மூணு வயசு ஆகாத பிள்ளைக்குத் துண்டு வேண்டாம். தொண்டையில சிக்கும். இதுக்கு ஒரு சோதனை இருக்கு. சார்ட் பேப்பரை 3.2 செ.மீ. குறுக்களவுல குழாயாச் சுருட்டி ஒட்டுங்க. அதுக்குள்ள முழுசா அடங்குற எந்தச் சாமானும் அந்த வயசுக்கு ஆகாது. மணி, பொத்தான், புளியங்கொட்டை எல்லாமே இதுல வரும்.

கொட்டைன்னதும் இதையும் சொல்லிடறேன். குன்றிமணி, அதான் சிவப்புல கறுப்புப் பொட்டு வெச்சது, அழகா இருக்குன்னு கைவேலைக்கு எடுத்துடாதீங்க. உள்ள இருக்கிறது கொடிய விஷம், மேல் ஓடு ஒடைஞ்சா ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான்.

பிசையற மாவு கடையில வாங்க வேண்டாம். மைதா 2 கப், தூள் உப்பு 1 கப், தண்ணி 2 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. எல்லாத்தையும் கட்டி இல்லாமக் கரைச்சு, சிம்ல வெச்சுக் கிளறிட்டே இருங்க. அல்வா மாதிரி சுருண்டு கடாயை விட்டு வரும், அப்போ இறக்கி, கை பொறுக்குற சூட்டுல பிசையணும். கல்லுப்பு போட்டா நறநறன்னு இருக்கும், பிள்ளைங்க தொடாது. மழைக்காலத்துல தண்ணி விட்டுக் கையில ஒட்டும், ஏன்னா உப்பு காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். அப்போ ஒரு கைப்பிடி மைதா சேத்துப் பிசைங்க. வாடை மாறிட்டா தூக்கிப் போட்டுடுங்க. கோதுமை ஒத்துக்காத பிள்ளை இருக்கான்னு பெத்தவங்ககிட்ட முன்னாடியே கேட்டுக்கோங்க.

மணல் தட்டுல எல்லாரும் பண்ற தப்பு, மணலை நிறைய கொட்டுறது. விரல் வெச்சு 'அ' போட்டா ரெண்டு பக்கமும் சரிஞ்சு எழுத்து மூடிடும். தட்டோட அடியில அடர் நீலத் தாள் ஒட்டுங்க. சலிச்சு, கழுவி, வெயில்ல காயவெச்ச மணல் அரை செ.மீ.க்கு மேல வேண்டாம். இப்போ பாருங்க, விரல் போன வழியெல்லாம் நீலமா எழுத்து தெரியுது. ரவை போட்டா எறும்பு வரும், உப்பு போட்டா விரல்ல காயம் இருக்கிற பிள்ளை கத்தும். சாயங்காலம் தட்டை மூடி வைங்க, இல்லன்னா பூனை வேற வேலைக்கு வெச்சுக்கும்.

சிலேட்டு பழசுன்னு ஒதுக்க வேண்டாம், அதுல பல்பம் உரசிட்டுப் போறது பிஞ்சுக் கைக்கு நல்ல பிடிமானம். பல்பம் தின்னுற பிள்ளையை மட்டும் அடிக்காதீங்க, திட்டாதீங்க. மண்ணு, பல்பம், சாக்பீஸ்னு தேடித் தின்னா ரத்தசோகை இருக்கலாம். பெத்தவங்ககிட்ட சொல்லி டாக்டர்கிட்டக் காட்டச் சொல்லுங்க.

பசைக்குப் பெரிய டப்பா ஒண்ணு வாங்கி, தண்ணி பாட்டில் மூடியில ஒரு சொட்டு மட்டும் ஊத்திக் குடுங்க. டப்பாவை நேரா நீட்டினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கட்டை, பொம்மை வாங்குறப்போ ஐஎஸ்ஐ முத்திரை பாருங்க. 2021 ஜனவரி 1-லருந்து இந்தியாவுல விக்கிற பொம்மைக்கு அது கட்டாயம். போர்டு பின் மட்டும் வகுப்புக்குள்ளயே வரக் கூடாது, கீழ விழுந்தா கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். கொடி கட்டித் துணி கிளிப் மாட்டிடுங்க. பிள்ளைங்க வரைஞ்சதை அவங்களே மாட்டட்டும், அந்தக் கிளிப்பை அமுக்குறதே விரலுக்கு நல்ல வேலை.

கடைசியா, கத்தரிக்கோலைக் கூடையில போட்டு வைக்காதீங்க. செருப்பு டப்பா மூடியில 8 ஓட்டை போட்டு நுனி கீழ போற மாதிரி சொருகுங்க. ஓட்டை ஒண்ணு காலியா இருந்தா மணி அடிக்கிறதுக்குள்ள தேடிடணும். மணி அடிச்சாச்சுன்னா அது யாரோட பையில ஏறி எந்த வேன்ல போகுதுன்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.