எல்லைக் கல்லோடு நிற்காத சைக்கிள் பாதை

அனைவருக்கும் வணக்கம். சித்திரை வெயில் இப்போதுதான் தணிந்திருக்கிறது. இந்த நேரத்தில் சைக்கிளைப் பற்றிக் கேட்க இவ்வளவு பேர் வந்திருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். என் ஊர் சேலத்தை அடுத்த மல்லூருக்குப் பக்கம். பிளஸ் ஒன் படித்த வருஷம் எங்களுக்கெல்லாம் அரசாங்கச் சைக்கிள் கொடுத்தார்கள். அப்பா அன்றைக்கே முன்னால் ஒரு கூடை மாட்டிக் கொடுத்தார். வீட்டிலிருந்து பள்ளிக்கு நாலு கிலோமீட்டர். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து போவோம். அப்புறம் எங்கள் பக்கம் நான்கு வழிச் சாலை வேலை முடிந்தது. நடுவில் தடுப்புச் சுவர். வீடு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். வண்டி திரும்புகிற இடத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் போய், மறுபடி அவ்வளவு தூரம் திரும்பி வர வேண்டும். இல்லையென்றால் எதிரே வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டே ராங் சைடில் ஓட்ட வேண்டும். எல்லோரும் ராங் சைடில்தான் போனோம். ஒருநாள் அப்பா அதைப் பார்த்துவிட்டார். திட்டவில்லை. மறுநாள் காலையில் சைக்கிள் திண்ணையில் ஏறியிருந்தது. எனக்கு பஸ் பாஸ் கிடைத்தது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்குப் படிப்பே நின்றுபோனது.

சைக்கிள் கொடுத்தது நல்ல காரியம். சாலை போட்டதும் நல்ல காரியம். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஒரு தாளைப் பற்றி, சேலத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் சேர்த்து வரைய வேண்டிய சைக்கிள் பாதை வரைபடத்தைப் பற்றி.

சேலம் மாநகராட்சியின் பரப்பு சுமார் 91 சதுர கிலோமீட்டர். அதை ஒரு வட்டமாக நினைத்துக்கொண்டால், நடுவிலிருந்து ஓரத்துக்கு 5.4 கிலோமீட்டர்தான் வரும். நிதானமாக, மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் அரை மணி நேரத்துக்குள் ஓரத்தைத் தொட்டுவிடலாம். சுற்றிலும் சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என்று மலைகள் இருந்தாலும், ஊர் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சமதரையில். ஏற்காடு பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஞாயிறு காலையில் சைக்கிள் ஏற்றும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு உற்சாகமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கவலையெல்லாம் திங்கள் காலையில் கேரியரில் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகிறவரைப் பற்றி.

அவர் ஊர் எல்லை பார்த்துப் பயணம் போவதில்லை. மாநகராட்சி எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பில் 8.29 லட்சம் பேர். காலையில் ஊருக்குள் வருகிற கூட்டத்தில் இந்தக் கணக்கில் அடங்காதவர்கள் எத்தனையோ பேர். அஸ்தம்பட்டியிலிருந்து கன்னங்குறிச்சிக்குப் போய்ப் பாருங்கள். வீடுகள் இடைவெளியே இல்லாமல் தொடர்கின்றன, நிர்வாகம் மட்டும் பேரூராட்சியாக மாறிவிடுகிறது. ஜங்ஷனிலிருந்து குரங்குச்சாவடி, மாமாங்கம் தாண்டிக் கருப்பூரில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துக்குப் போகிற மாணவருக்கு முதலில் மாநகரச் சாலை, அப்புறம் தேசிய நெடுஞ்சாலை, அப்புறம் பேரூராட்சி. மொத்தமே பத்து கிலோமீட்டர் பக்கம்தான். இதில் ஒரு நிர்வாகம் மட்டும் தன் பங்குக்கு ஒரு கிலோமீட்டர் பச்சை வண்ணம் அடித்து சைக்கிள் பாதை என்று பலகை வைத்தால் அந்த மாணவருக்கு என்ன பயன்? பாதை முடிகிற இடத்தில்தான் அவருக்கு ஆபத்தே தொடங்குகிறது.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகன் நகரத்துக்குள் சைக்கிள் பாதைகள் ரொம்ப காலமாக நன்றாகவே இருந்தன. புறநகரிலிருந்து வருகிறவருக்கோ ஒவ்வொரு நகராட்சி எல்லையிலும் அகலம் மாறும், தரை மாறும், சில இடங்களில் பாதையே தொலைந்துபோகும். அதனால் அக்கம்பக்கத்து நகராட்சிகள் ஒன்றாக உட்கார்ந்து நீண்ட தூரப் பாதைகளை வரைந்தன. முதல் பாதை 2012-இல் ஆல்பர்ட்ஸ்லுண்ட் என்ற புறநகருக்குத் திறந்தது. இன்று 20-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் அந்தக் கூட்டில் இருக்கின்றன. சாலை அவரவருடையதுதான். வரைபடமும் தரமும் மட்டும் பொது. சேலத்துக்கு நான் கேட்பதும் இவ்வளவுதான்.

அது குளிர் நாடு, இந்த வெயிலில் யார் மிதிப்பார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஸ்பெயினில் செவில் என்ற ஊரில் கோடையில் 40 டிகிரி தாண்டும். அங்கே 2006 முதல் சில ஆண்டுகளுக்குள் சுமார் 80 கிலோமீட்டர் பாதையை, துண்டு துண்டாக இல்லாமல் ஒன்றோடொன்று இணைகிற வலையாகப் போட்டார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல மடங்கு பெருகினார்கள். நம் ஊரிலும் வெயிலுக்குப் பயந்து யாரும் சைக்கிளை விடவில்லை. பால்காரரும் கீரைக்காரரும் வெயிலில்தானே ஓட்டினார்கள்? 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, அந்த வறண்ட மாவட்டத்துப் பெண்கள் அலையலையாக வந்து கற்றுக்கொண்டார்கள். நிழலுக்குப் புங்கமும் வேம்பும் நடலாம். லாரிப் பயத்துக்கு எந்த மரத்தை நடுவது?

சரி, சேலத்தின் தாளில் என்ன வரைவது? சாலைகளுக்கு முன்னால் வேலையை வரைய வேண்டும் என்பேன். வெள்ளிக் கொலுசையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே வீட்டில் முடிகிற பொருள் இல்லை. கம்பி இழுப்பது ஓரிடம், பற்றவைப்பது ஓரிடம், மெருகு போடுவது ஓரிடம். சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை என்று அந்தக் கொலுசு நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிறது. இளம்பிள்ளைத் தறிகளுக்கும் ஊருக்கும் நடுவில் நூலும் சேலையும் போய் வருகின்றன. உழவர் சந்தைக்கு விடிவதற்கு முன்பே கூடைகள் வருகின்றன. இந்தக் கோடுகளை வரைந்தாலே எங்கே பாதை வேண்டும் என்று தெரிந்துவிடும். பாதை 2 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். பால் கேன் கட்டிய சைக்கிளை இன்னொருவர் முந்திப் போக அவ்வளவு இடம் தேவை.

சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே வருகிற திருமணிமுத்தாறு எந்த எல்லையையும் பார்க்காமல் ஓடுகிறது. அதன் கரையில் இடம் இருக்கிற வரை ஒரு பாதை போட்டுப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்புறம், ரயில் நிலையங்கள். நெதர்லாந்தில் உட்ரெக்ட் நிலையத்தில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் கட்டி 2019-இல் முடித்தார்கள். நமக்கு அயோத்தியாப்பட்டணத்திலும் மல்லூரிலும் கூரையும் பூட்டுக் கம்பியும் உள்ள நூறு இடம் போதும். இருபது கிலோமீட்டர் தள்ளி இருப்பவரும் நிலையம் வரை மிதித்து, மிச்சத்தை ரயிலில் வருவார்.

முதல் வேலையை இன்றைக்கே தொடங்கிவிடலாம். பின்சுவரில் சேலத்தைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்கான வரைபடம் ஒட்டியிருக்கிறேன். எந்த எல்லைக்கோடும் அதில் இல்லை, வேண்டுமென்றே விட்டுவிட்டேன். போகும்போது உங்கள் வீட்டையும் வேலையிடத்தையும் நீல மையால் இணையுங்கள். பிள்ளையைத் தனியாக அனுப்பப் பயப்படுகிற இடத்தில் சிவப்புப் பொட்டு வையுங்கள். மல்லூருக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு ஏற்கெனவே இருக்கும். அது நான் வைத்தது.