பெட்டி கட்டுமுன் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் 30 வருஷமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் பிள்ளைகள் வெளிநாடு கிளம்புகிறார்கள் என்றால் அந்த வீட்டிலிருந்து யாராவது கடைக்கு வந்துவிடுவார்கள். "அண்ணே, இந்த மிக்ஸி அங்க ஓடுமா?" இதுதான் கேள்வி. நான் உடனே மிக்ஸியைக் கவிழ்த்துவிடுவேன். அடியில் ஒரு சின்னத் தகடோ ஸ்டிக்கரோ ஒட்டியிருக்கும், பெரும்பாலும் காய்ந்த மாவு மூடியிருக்கும். ஈரத்துணியால் துடைத்தால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 750 வாட்ஸ் என்று தெரியும். வோல்ட் என்பது கரண்டின் அழுத்தம், ஹெர்ட்ஸ் என்பது அந்தக் கரண்ட் ஒரு நொடியில் எத்தனை தடவை அலைகிறது என்பது, வாட்ஸ் என்பது மிக்ஸி இழுக்கிற சக்தி. இந்த மூன்று எண்களையும் பார்க்காமல் பெட்டி கட்டாதீர்கள்.

நம் முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்குப் போய், தேக்கும் மங்குச் சாமானும், அதாவது பீங்கான் பாத்திரங்களும், கப்பலில் கொண்டு வந்தார்கள். அந்தச் சாமானுக்குக் கரண்ட் தேவைப்படவில்லை, எந்த ஊரிலும் அது மங்குச் சாமான்தான். மிக்ஸி அப்படி இல்லை.

மலேசியா, சிங்கப்பூர் போகிறீர்களா, கவலையே வேண்டாம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு, சதுரக் கால் மூன்று உள்ள பிளக், அதற்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். பிளக்கை மாற்றிக்கொண்டால் போதும். ஆனால் எர்த் காலை உடைத்துவிட்டுச் சொருகாதீர்கள், ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடுகிற வீட்டில் அது உயிர்ப் பிரச்சினை.

அமெரிக்கா என்றால் கதையே வேறு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஒரு ஆச்சி, நியூஜெர்சியில் இருக்கும் மகளுக்கு வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுக்க வேண்டும் என்று கல் கிரைண்டரைத் துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். கூடவே ஒரு கடையில் அடாப்டர் கேட்டு வாங்கினார்கள். கடைக்காரர் கொடுத்தது பிளக்கின் காலை மாற்றுகிற துண்டு மட்டும்தான், அது வோல்டேஜை மாற்றாது. இது தெரியாமல் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் திரும்பவும் சொல்கிறேன், அடாப்டர் வேறு, வோல்டேஜை மாற்றுகிற டிரான்ஸ்ஃபார்மர் வேறு. மகள் போன் போட்டு, கல் முனகுது, சுத்த மாட்டேங்குது என்றாள். நான் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கச் சொன்னேன். வாங்கினாள், சுற்றியது. ஆனால் இங்கே ஓடியதைவிட வேகமாகச் சுற்றியது, மாவு சூடேறி உளுந்து பொங்கவே இல்லை.

காரணம் அந்த 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை ஏற்றும், இறக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார், அதன் வேகம் ஹெர்ட்ஸோடு போகும், 50 இருக்கும் இடத்தில் 60 வந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுற்றும். மிக்ஸி அப்படியில்லை, அதில் கார்பன் பிரஷ் மோட்டார், ஓடும்போது அடியில் நீலப்பொறி தெரியுமே, அதுதான். அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டில்லை, வோல்டேஜ் சரியாக இருந்தால் போதும். ஆனால் 750 வாட்ஸ் மிக்ஸிக்கு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வாட்ஸாவது இருக்கணும், அதன் எடையைத் தூக்கிப் பார்த்தால் ஆசை போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், அமெரிக்கக் கரண்டுக்கென்றே கிரைண்டரும் மிக்ஸியும் நம் நாட்டிலேயே செய்கிறார்கள். அந்த ஆச்சியும் கடைசியில் அதைத்தான் வாங்கினார்கள். பணியாரம் வெள்ளையாக, ஓரம் மொறுமொறுவென்று வந்ததாம், போட்டோ எனக்கும் வந்தது.

அமெரிக்காவுக்கு அயர்ன் பாக்ஸ், கெட்டில் மாதிரி சூடாகிற சாமான் வேண்டவே வேண்டாம். பாதி வோல்டேஜில் கால் பங்குச் சூடுதான் வரும், 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் அங்கே 270 வாட்ஸுக்குத்தான் வேலை செய்யும். அங்கே வாங்கினதை இங்கே சொருகினால் நேர் எதிர், நாலு மடங்கு சூடேறி எரிந்துவிடும்.

சவூதி போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை, அங்கே 230 வோல்ட் இருந்தாலும் ஹெர்ட்ஸ் 60, கிரைண்டரைக் கொண்டு போகுமுன் யோசியுங்கள். செல்போன், லேப்டாப் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் எங்கேயும் போகலாம்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பற்றியும் பேசணும் என்று வந்தேன், நேரம் முடிந்ததாகக் கை காட்டுகிறார்கள். சரி, அவற்றை இங்கேயே சொந்தக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள். அமெரிக்காவுக்குப் போகும் பெட்டியில் இடமிருந்தால் குழிப்பணியாரச் சட்டியும் கையால் சுற்றும் தேங்காய்த் துருவியும் வையுங்கள். வணக்கம்.