பூவுக்குள்ள இருக்கிற வெள்ளை எட்டுக்காலை என்ன செய்யணும்? – சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கிடுதேன். ஆரியங்காவுல இருந்து ஒரு தங்கச்சி பேசி அனுப்பியிருக்காங்க. "அக்கா, எங்க வீட்டு வெள்ளைச் செவந்தியில பூப்பறிக்கப் போனேன். பூவுக்குள்ள வெள்ளையா ஒரு எட்டுக்கால் பூச்சி, நண்டு மாதிரி ரெண்டு பக்கமும் கையை விரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. ஒரு தேனீயைப் பிடிச்சு வச்சிருக்கு. அத்தை பாத்துட்டு, சிலந்தி விஷம் வந்துரும், மருந்தடிச்சுருன்னு சொல்லுதாங்க. பிள்ளைங்க பூப்பறிக்கிற செடி. இதே மாதிரி பெருசா ஒண்ணு குளியலறைச் சுவத்துலயும் இருக்கு. என்ன செய்யட்டும்?" இதுதான் கேள்வி.

மருந்து அடிக்காதீங்கம்மா. அடிச்சா பூவுக்கு வர்ற தேனீயும் சேந்துதான் சாகும். நீங்க பாத்தது நண்டுச் சிலந்தி. அது பல்லு தேனீ, ஈ, பட்டாம்பூச்சிக்குத்தான் ஆபத்து. நமக்கு அதால கெடுதல் கிடையாது. தானா வந்து கடிக்காது. நாம கிட்டப் போனா சடார்னு பக்கவாட்டுல நகந்து இதழுக்கு அடியில போயிரும். இல்லைன்னா ஒரு நூலை விட்டுட்டுக் கீழ குதிச்சிரும்.

அத்தை சொன்னதையும் தள்ளிவிட முடியாது. இந்த எல்லைப்பக்கம் அந்தப் பயம் ரொம்பப் பழசு. 1956 வரைக்கும் செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மலையாள நாட்டோட சேந்திருந்த ஊருதானே, எங்க வீட்டுப் பெரியவங்க சிலந்தியை இன்னமும் மலையாளத்துல எட்டுகாலின்னுதான் சொல்லுவாங்க. பத்தனம்திட்டைப் பக்கம் கொடுமண்ல சிலந்தி விஷத்துக்குன்னே வேண்டிக்கிட்டுப் போற அம்பலம், அதான் கோயில், இருக்கு. இங்கன்னா தோல்ல கொப்பளம் வந்தா சிலந்தி விஷம்னு சொல்லி, அக்கி எழுத பானை செய்யுற வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா அக்கிங்கிறது சின்னம்மை போட்டு ஆறின உடம்புல ஒளிஞ்சு கிடந்த அதே கிருமி திரும்பக் கிளம்புறதுதான். எட்டுக்கால் ஊர்ந்ததால வர்றது இல்லை. இன்னொண்ணு, மழைக்காலத்துல டியூப்லைட்டுக்கு வர்ற ஆரஞ்சும் கருப்புமான மெலிஞ்ச ஒரு வண்டு. கழுத்துல உக்காந்தா நாம பட்டுன்னு அடிச்சு நசுக்கிருவோம். அதோட நீர் பட்ட இடம் மறுநாள் தீஞ்ச மாதிரி வரிவரியா கொப்பளிக்கும். அந்தப் பழியும் எட்டுக்கால் மேலதான் விழுது. தோல்ல இப்படி வந்தா டாக்டர்கிட்ட காட்டிருங்க, அதுல தாமதம் வேண்டாம்.

குளியலறையில இருக்கிறது வேற இனம். உடம்பு தட்டையா, காலை நண்டு மாதிரி விரிச்சு வச்சிருக்கிறதால ஒண்ணுபோலத் தெரியுது. காலோட சேத்தா உள்ளங்கை அகலம் கூட வரும். ராத்திரி ஓடி ஓடிக் கரப்பான் பிடிக்கும். பெண்ணு தட்டையான வட்டமா முட்டைப் பையை வயித்துக்கு அடியில தூக்கிக்கிட்டே திரியும். அதையும் விட்டுருங்க. பயமா இருந்தா ஒரு டப்பாவைக் கவுத்தி, அடியில அட்டையைச் சொருகி வெளிய கொண்டு விடுங்க.

இப்ப செவந்திக்கு வருவோம். இதைப் பாக்கத் தெரிஞ்சுட்டா அப்புறம் விடவே மாட்டீங்க. எங்க வீட்டுக்குப் பின்னாடி நாலு வரிசை கேந்தி, அதான் செண்டுமல்லி, போட்டிருக்கேன். ஒருநாள் காலையில ஏழு மணி இருக்கும், பனி ஈரம் காயலை. ஒரு பூவுல தேனீ தலையைக் கவுத்துக்கிட்டு நிக்குது, பின்னங்கால்ல மஞ்சள் மகரந்த உருண்டை அப்படியே இருக்கு. நானும் பாத்துக்கிட்டே நிக்கேன், அசையலை. றெக்கை கூட அசையலை. ஒரு ஈர்க்குச்சியால இதழை மெதுவா விலக்கினேன். தேனீ தானா நடக்குற மாதிரி ஒரு பக்கமா நகருது! அடியில மஞ்சளா ஒரு சிலந்தி, தேனீயோட பிடரியைக் கவ்விக்கிட்டு அதை இழுத்துட்டுப் போகுது. தேனீயோட கொடுக்குக்கு எட்டாத இடமாப் பாத்துப் பிடிச்சிருக்கு.

அதனால நண்டுச் சிலந்தியைத் தேடணும்னா சிலந்தியைத் தேடாதீங்க. அசையாத தேனீயை, அசையாத பட்டாம்பூச்சியைத் தேடுங்க. வலையும் இருக்காது. இது வலை கட்டி இரை பிடிக்கிற சாதி இல்லை. நூல் உண்டு, ஆனா குதிக்கும்போது பிடிச்சுக்கிடவும் முட்டையைப் பொதியவும்தான். முன்னாடி ரெண்டு ஜோடிக் கால் நீளமா, அணைக்கிற மாதிரி விரிஞ்சிருக்கும். பின்னாடி ரெண்டு ஜோடி குட்டை, பூவைப் பிடிச்சுக்கிட. வயிறு பின்பக்கமா அகண்டு, ரெண்டு மூலையிலயும் சின்னதா முட்டு மாதிரி நிக்கும். பெண்ணு பட்டாணிப் பருப்பு அளவு, ஆணு அதுல கால்வாசி கூட இருக்காது. சில நேரம் பெண்ணோட முதுகுலயே ஒட்டிக்கிட்டுப் போகும், குட்டின்னு நினைச்சிராதீங்க. சாப்பிட்ட இரையைப் பிச்சுப் போடாது, சாறை மட்டும் உறிஞ்சிட்டு விட்டுரும். பூவுக்குக் கீழ முழுசா ஒரு தேனீ கிடக்கும், எடுத்துப் பாத்தா உமி மாதிரி வெயிட்டே இருக்காது.

நிறம் மாத்துமான்னு நிறையப் பேருக்குச் சந்தேகம். சில வகை மாத்தும். ஆனா பச்சோந்தி மாதிரி நினைச்ச உடனே இல்லை. ஐரோப்பாவுலயும் அமெரிக்காவுலயும் இருக்கிற ஒரு வகை வெள்ளையில இருந்து மஞ்சளாக நாள்கணக்கா எடுத்துக்கிடும், அந்த மஞ்சளை உடம்புக்குள்ள உண்டாக்கணும்லா. எனக்கு அதைவிட ஆச்சரியம் வேற ஒண்ணு. 2003-ல ஆஸ்திரேலியாவுல வெள்ளை நண்டுச் சிலந்தியை வச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. நம்ம கண்ணுக்கு அது வெள்ளைப் பூவுல மறைஞ்சிருக்கு. தேனீக்கு நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் தெரியும். அந்த ஒளியில சிலந்தி பளிச்சுன்னு எடுப்பா நிக்குது. அப்ப தேனீ பயந்து விலகணும்லா? சிலந்தி இருக்கிற பூவுக்குத்தான் அதிகமா வந்துச்சு. அவங்க வச்ச பூவும் உங்க செவந்திக்குச் சொந்தக்காரப் பூதான்.

நண்டுச் சிலந்தியிலயே இன்னொரு வகை இருக்கு, மாமரத்துல இலையைத் தைச்சுக் கூடு கட்டுற முசுறு எறும்புக் கூட்டத்துக்குப் பக்கத்துலயே. அதே செம்பழுப்பு. வயித்தோட பின்நுனியில எறும்புக் கண்ணு மாதிரி ரெண்டு கருப்புப் புள்ளி, அதனால பின்பக்கம் தலை மாதிரித் தெரியும். முன்னங்காலைத் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டும். வரிசைக்கு ஓரமா நின்னு, தனியா வர்ற ஒரு முசுறைக் கவ்விக்கிட்டு நூல்ல கீழ தொங்கிரும். மத்த எறும்பு எட்டாதுல்லா. காலை எண்ணிப் பாருங்க, ஆறு இல்லாம எட்டு இருந்தா அதுதான். ரெண்டு அடி தள்ளி நின்னே எண்ணுங்க, முசுறு கடிச்சா தெரியும்!

பிள்ளைங்க விஷயம். பறிக்கிறதுக்கு முன்னாடி காம்பைப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டச் சொல்லுங்க, அது இறங்கிப் போயிரும். நிழல் பூ மேல விழாம நின்னு பாக்கவும் பழக்குங்க. ஆவணியில ஓணத்துக்குப் பூ ஏத்துற சமயம், தென்காசிக்குப் பக்கத்துல சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பாக்கப் போறவங்க, எல்லாரும் போட்டோ எடுத்து முடிச்சதும் ஒரு பூவை மட்டும் அஞ்சு நிமிஷம் உத்துப் பாருங்க.

தங்கச்சி, இன்னும் ஒரு வாரம் கழிச்சு அந்தச் செடியில ஓரம் மடிஞ்சு நூலால ஒட்டின இலை இருக்கான்னு பாருங்க. உள்ள முட்டைப் பை இருக்கும், மேல அது காவல் உக்காந்திருக்கும். அந்த இலையைக் கிள்ளிராதீங்க. அத்தையையும் கூட்டிட்டுப் போயிக் காமிங்க.